மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் நத்தைகள்: ஏன் வருகின்றன, எப்படித் தடுப்பது?

(மேற்குச் சென்னைப் புறநகரில் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்று நடத்திய மழைக்கால முன்னெச்சரிக்கைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும், அம்மாக்களுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம்.

சங்கத் தலைவர் ஐயா போனில் கூப்பிட்டு, "டெங்கு பத்தி எல்லாரும் பேசிட்டாங்கம்மா, நீ நத்தையைப் பத்திப் பேசு" என்றார். சிரிக்கிறீங்க இல்லையா? நானும் சிரித்தேன். அப்புறம் உங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்களைக் காட்டினார். பாத்ரூம் சுவரில் ஒன்று. அரிசி டின் பக்கத்தில் ஒன்று. பள்ளிக்கூட ஷூவுக்குள் ஒன்று. அதற்குக் கீழே ஆளுக்கொரு யோசனை: "உப்பு போடுங்க", "ஆசிட் ஊத்துங்க", "கடையில மருந்து உருண்டை கிடைக்குது". ஒருவர் மட்டும், "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கிட்டா ஏன் வரப்போகுது" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டு அம்மா எதுவுமே எழுதவில்லை.

அந்த அம்மாவுக்காகத்தான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கிற வீட்டுக்குள்ளும் நத்தை வரும். அது ஈரத்தைத் தேடி, ஈரமான வழியாக வருகிறது. அந்த வழி எது என்று கண்டுபிடித்துக் காயவைத்தால் வருவது குறையும். வழியை விட்டுவிட்டு நத்தையை மட்டும் கொன்றுகொண்டிருந்தால், இன்றைக்குப் போனது நாளைக்கு வேறு உருவில் வந்து நிற்கும். இன்றைக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விவரம்.

வருவது யார்?

நம் வீடுகளில் இதற்குப் பல பேர் இருக்கிறது. சிலர் அட்டை என்கிறார்கள், சிலர் பூச்சி என்கிறார்கள். அட்டை வேறு. அது ரத்தம் உறிஞ்சும். மரவட்டை வேறு. அதற்கு வரிசையாகக் கால்கள் இருக்கும், தொட்டால் சுருண்டுகொள்ளும். நாம் பேசுவது ஓடில்லாத நத்தையைப் பற்றி. தட்டையாக, கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ, விரல் நீளத்தில் இருக்கும். நம் பக்கத்தில் அதிகம் பார்க்கும் வகைக்கு முதுகின் நடுவில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். அது கடிக்காது, கொட்டாது, ரத்தம் குடிக்காது.

இதோடு கூட இன்னொருவரும் வருகிறார். பெரிய ஓட்டைச் சுமந்துகொண்டு சுவரிலும் முருங்கை மரத்திலும் ஏறும் ஆப்பிரிக்கப் பெரு நத்தை. இதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து உயிரோடு இரண்டைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் விடப்பட்டவைதான் இந்தியாவில் இது பரவ ஆரம்பம். கப்பலில் வந்தது, அப்புறம் செடித்தொட்டியிலும் மண் லோடிலும் ஊர் ஊராகப் போனது. இன்றைக்கும் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு அது போவதற்கு நாம்தான் பெரும்பாலும் வண்டி.

இரண்டுக்கும் ஒரே பலவீனம்தான். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். நமக்கு இருப்பது மாதிரி அந்தத் தண்ணீரைக் காக்கும் தோல் இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் இருந்தாலே காய்ந்துவிடும். அதனால் பகலில் கல்லுக்கடியில், தொட்டிக்கடியில், ஈரச் சாக்குக்கடியில் ஒளிந்துகொள்ளும். இருட்டிய பிறகு வெளியே வரும். வழவழப்பான ஒரு திரவத்தைச் சுரந்து அதன் மேல்தான் நகரும். காலையில் தரையில் வெள்ளிக்கோடு மாதிரி பளபளக்கிறதே, அதுதான். அந்தக் கோட்டை நாம் திட்டிக்கொண்டே துடைத்துவிடுகிறோம். உண்மையில் அது எந்த வழியாக வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. துடைப்பதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

ஏன் நம் பக்கத்தில் இவ்வளவு?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அதிலும் நாம் இருப்பது ஏரிகளுக்கு நடுவில். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். திருவேற்காடு வழியாகக் கூவம் ஓடுகிறது. பல இடங்களில் களிமண். மழை நின்று இரண்டு நாளானாலும் தண்ணீர் கீழே இறங்காது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மண்ணுக்குள் இடுக்கில் இருக்கும் நத்தைக்கும் அப்போது மூச்சு முட்டும். இடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் அதுவும் மேடு தேடும். அந்த மேடு நம் வாசல்படி, சுவர், பாத்ரூம்.

இன்னொரு காரணம் நமக்கெல்லாம் தெரிந்தது. இருபது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளில் பல இன்றைக்குச் சாலையை விடத் தாழ்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் சாலை உயர்ந்தது, வீடு பள்ளமானது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தெருவில் அடுத்து வேலை நடக்கும்போது அதை நினைவுபடுத்திக் கேட்கலாம். பள்ளமான வீட்டின் முன்பக்கம் மார்கழி வரைக்கும் காயாது. காயாத இடத்தில் நத்தை குடியிருக்கும்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் வீடு திருமுல்லைவாயல் பக்கம், தரைத்தளம். போன கார்த்திகையில் அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். ஒன்பது மாதக் குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். ஒருநாள் விடியற்காலையில் அம்மா எழுந்து லைட்டைப் போட்டால், குழந்தை படுத்திருந்த பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு நத்தை. அம்மா சத்தம் போடவில்லை. துடைப்பத்தால் முறத்தில் தள்ளி வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல இப்படி வருதே, நான் வீட்டை ஒழுங்கா வெச்சுக்கலையா?" என்று அழுதார்.

அப்பா அன்றைக்கே இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கிவந்து பின்வாசலில் கரைகட்டினார். இராத்திரி மழை பெய்தது, உப்பு கரைந்தது. அடுத்த நாளும் உப்பு, அடுத்த நாளும் மழை. நான்கு நாளில் பின்பக்கம் இருந்த கறிவேப்பிலைக் கன்று வாடியது. நத்தை வந்துகொண்டேதான் இருந்தது.

ஐந்தாம் நாள் இராத்திரி பத்தரைக்கு நான் போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. பாத்ரூம் வேலை நடந்தபோது மிச்சமான செங்கல்லும் உடைந்த டைல்ஸும் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. அதன் மேல் ஒரு பழைய சாக்கு. தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீர்க் குழாயைச் செடிப்பக்கம் திருப்பி விட்டிருந்தோம். அது சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க வடிந்து, செங்கல் குவியலிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரு ஈரப்பாதை போட்டு வைத்திருந்தது. பின்கதவுக்குக் கீழே ஒரு விரல் நுழையும் சந்து. வாஷிங் மெஷின் குழாய் வெளியே போகும் ஓட்டையைச் சுற்றி இன்னொரு சந்து. என் கண் முன்னாலேயே மூன்று நத்தைகள் அந்தப் பாதையில் வரிசையாக வந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குவியலை அகற்றினோம். அடியில் ஜவ்வரிசி மாதிரிக் கண்ணாடி முட்டைகள் கொத்தாக இருந்தன. ஆர்.ஓ. தண்ணீரை ஒரு மூடி போட்ட வாளிக்கு மாற்றினோம், வீடு துடைக்க ஆகிறது. கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம். ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆனது. அந்த மழைக்காலம் முடியும் வரைக்கும் வீட்டுக்குள் இரண்டே இரண்டுதான் வந்தன. முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா நிம்மதியாகத் தூங்கினார்.

பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு?

நத்தையால் நோய் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம், ஆனால் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும். எலியின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழு இருக்கிறது. அதன் இளம்புழுக்கள் எலிப்புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கையைத் தின்னும் நத்தையின் உடம்பில் அவை வளரும். அப்படிப்பட்ட நத்தையை ஒருவர் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால், புழு மூளை வரைக்கும் போய் மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கலாம். இந்தப் புழுவைச் சீனாவின் கேன்டன் நகரத்து எலிகளில் 1935இல் முதலில் கண்டுபிடித்தார்கள். பக்கத்திலேயே கேரளத்திலும் இந்த நோய் மனிதர்களுக்கு வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து இளைஞர் ஒருவர், 2010இல் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது விளையாட்டுக்காக ஒரு ஓடில்லா நத்தையை விழுங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்த பிறகும் கைகால் விளங்கவில்லை. 2018இல் இறந்துபோனார். அந்தச் செய்தி உலகம் முழுக்க வந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இது அரிதான நோய். ஆனால் பந்தயம் கட்டும் வயதுப் பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஆக, ஆபத்து வாய் வழியாகத்தான். தரையில் நத்தையைப் பார்த்தாலோ, தெரியாமல் தொட்டுவிட்டாலோ பதற வேண்டாம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும். கவனிக்க வேண்டியது நான்கு விஷயம்.

ஒன்று, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில், காலையில் குழந்தையைக் கீழே விடுவதற்கு முன்னால் தரையை ஒரு பார்வை பாருங்கள். பாய் விரிக்கும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

இரண்டு, கீரை. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எதுவானாலும் கட்டோடு முக்கி எடுக்காமல், பிரித்துப் போட்டு, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அரிசி மணி அளவுக் குட்டி நத்தை இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் கீரையை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், அதுவே பெரிய பாதுகாப்பு. கொத்தமல்லி, புதினா, முட்டைகோஸ் மாதிரிப் பச்சையாகச் சேர்ப்பவற்றுக்குத்தான் கூடுதல் கவனம்.

மூன்று, வயல் நத்தையைச் சமைத்துச் சாப்பிடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். வீட்டுத் தோட்டத்திலும் சாக்கடை ஓரத்திலும் கிடப்பதை எடுத்துச் சமைக்க வேண்டாம். வைத்தியம் என்று சொல்லிப் பச்சையாக விழுங்கவே வேண்டாம்.

நான்கு, குழந்தை வாயில் போட்டுவிட்டது என்று தெரிந்தால், வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி நடந்ததைச் சொல்லுங்கள். அறிகுறி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தெரியும். கடுமையான தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, காய்ச்சல், உடம்பில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. அப்படி ஏதாவது இருந்தால், "மூணு வாரம் முன்னாடி நத்தையை வாயில வெச்சுட்டான்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது. எங்கே போவது என்று புரியாவிட்டால் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணைக் கூப்பிடுங்கள். அவசரத்துக்கு 108.

செய்யக்கூடாதவை

உப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நத்தை மேல் பட்டால் அது சாகும், உண்மைதான். ஆனால் மழையில் நிற்காது, செடியைக் கெடுக்கும், கேட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். குளியலறை வடிகாலில் ஆசிட் ஊற்றிவிட்டு, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரும் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடின பாத்ரூமுக்குள் அது நத்தையை விட உங்களைத்தான் முதலில் தாக்கும்.

அடுத்தது மருந்து உருண்டை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கடையில் பொட்டலமாகக் கட்டிக்கொடுத்த உருண்டையை வாங்கிவந்து கேட் ஓரமாகத் தூவினார்கள். பொட்டலத்தில் பேர் இல்லை, எச்சரிக்கை இல்லை. தெருவில் எல்லாரும் சோறு போட்டு வளர்த்த நாய் அதைத் தின்றுவிட்டு, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. பிழைக்கவில்லை. தூவியவர் அதற்குப் பிறகு பல நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன். நத்தைக்கு விற்கும் உருண்டைகளில் பெரும்பாலும் மெட்டால்டிஹைடு என்ற நஞ்சு இருக்கும். நத்தையை ஈர்ப்பதற்காகத் தீனியில் கலந்திருப்பார்கள். அந்த வாசனை நாயையும் ஈர்க்கும். குழந்தை கண்ணுக்கு அது மிட்டாய். அது பண்ணைகளில் கணக்குப் பார்த்துப் போட வேண்டிய பொருள். குழந்தையும் நாயும் நடமாடும் வாசலில் போட வேண்டாம். நாய் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு.

கடைசியாக ஒன்று. பிடித்த நத்தையைப் பக்கத்து வீட்டுச் சுவர் மேல் வீசாதீர்கள். இராத்திரிக்குள் திரும்பி வந்துவிடும். பகையும் கூடவே வரும்.

செய்ய வேண்டியவை

முதலில் இராத்திரி நோட்டம். மழை விட்ட ஒரு இரவில், பத்து மணிக்கு மேல், டார்ச்சோடு வீட்டைச் சுற்றி ஒரு தடவை வாருங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், பாம்பும் தேளும் அதே நேரத்தில்தான் வெளியே வரும். எங்கே கோடு, எங்கே ஈரம், எங்கே சந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் பணம் எதுவும் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாவது, வீட்டைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குச் சுவரோரம் வெறும் தரையாக இருக்கட்டும். செங்கல், ஓடு, தேங்காய் மட்டை, பழைய தொட்டி, ஈரச் சாக்கு எதுவும் சுவரோடு ஒட்டிக் கிடக்க வேண்டாம். நத்தைக்கு அது திறந்தவெளி. கடக்கத் தயங்கும், கடந்தாலும் நம் கண்ணில் படும்.

மூன்றாவது, செடிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் இராத்திரி முழுக்க மண் ஈரமாக இருக்கும். நத்தைக்கு அதை விட நல்ல வரவேற்பு இல்லை. ஏ.சி. தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டியையும் திறந்து பாருங்கள். 2003இலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம், கட்டியும் வைத்திருக்கிறோம். ஆனால் வண்டல் மூடிக் கிடந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சுவரோரமே நிற்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை தூர்வாருங்கள்.

நான்காவது, சந்தை அடைப்பது. கதவுக்கடியில் ரப்பர் பட்டை. குழாய் நுழையும் ஓட்டைகளுக்குச் சிமெண்டோ, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அடைப்புப் பசையோ. பாத்ரூம் ஜாலி உடைந்திருந்தால் மாற்றுங்கள். பெரிய துளை உள்ளதாக இருந்தால் அடியில் நெருக்கமான கம்பிவலை வெட்டிப் போடுங்கள், வாரம் ஒரு தடவை முடியை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். பயன்படுத்தாத பாத்ரூமில் இராத்திரி ஜாலி மேல் ஒரு கனமான மூடி வைத்தாலும் போதும்.

ஐந்தாவது, சாப்பாடு. நாய், பூனை சாப்பிட்ட தட்டை இராத்திரி வெளியே விடாதீர்கள். காய்கறித் தோலை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரமான கால்மிதியைத் தூக்கிக் காயப்போடுங்கள், அதற்கடியில் ஒளிவது இதற்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகள் ஷூவை மாட்டுவதற்கு முன்னால் தட்டச் சொல்லுங்கள்.

ஆறாவது, நர்சரியிலிருந்து செடி வாங்கினால், தொட்டியைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். தோட்டத்துக்குச் செம்மண் லோடு இறக்கினால், பரப்புவதற்கு முன்னால் ஒரு நாள் வெயிலில் கிளறிவிட்டு ஓடும் முட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. பெரு நத்தையால் அதிகம் அவதிப்படும் கேரளத்தில் இதைத்தான் செய்கிறார்கள். இராத்திரி ஒரு ஈரச் சாக்கை விரித்து, மேலே பப்பாளி இலையோ முட்டைகோஸ் இலையோ போட்டு வையுங்கள். விடிவதற்குள் நத்தைகள் அங்கே கூடியிருக்கும். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் உள்ள மூடிபோட்ட வாளியில் போடுங்கள். உப்புக்கு அதுதான் சரியான இடம், வாளிக்குள். பிறகு செடிகளிலிருந்து தள்ளி, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். வெறுங்காலால் மிதிக்க வேண்டாம்.

தரையில் ஒட்டிய வழவழப்பு தண்ணீர் ஊற்றினால் இன்னும் வழுக்கும். முதலில் காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீர்.

தோட்டத்தில் எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டும் என்று கிளம்ப வேண்டாம். காய்ந்த இலையை மக்க வைப்பதில் அதற்கும் பங்கு இருக்கிறது. நம் பக்கத்துப் புதர்களில் செம்போத்து என்ற பறவை திரிகிறதே, அது நத்தையை விரும்பித் தின்னும். விஷம் போடாத தோட்டத்தில்தான் அதுவும் வரும்.

வாடகை வீட்டிலும் தெருவிலும்

வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு சிக்கலைச் சொன்னீர்கள். "ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னா, நீங்க குடிவர்றதுக்கு முன்னாடி வந்ததே இல்லைன்றார்." கோபப்பட வேண்டாம். இராத்திரி எடுத்த படத்தைக் காட்டுங்கள். இந்தக் கதவுச் சந்து, இந்தக் குழாய் ஓட்டை, இந்த உடைந்த ஜாலி என்று மூன்று வேலையாகச் சொல்லுங்கள். "நத்தை வருது" என்றால் அது புகார். "ஜாலி உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க" என்றால் அது பிளம்பர் வேலை. வீட்டுக்காரர்களும் இங்கே இருக்கிறீர்கள். குடித்தனக்காரர் வீட்டில் வந்த நத்தை உங்கள் சுவர் ஈரத்தைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

அரசிடம் முறையிடும்போதும் இதே மாதிரிதான். "எங்க தெருவுல நத்தை" என்று எழுதினால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே தெரியாது. "இந்தத் தெருவில், இந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், மழைநீர் வடிகால் அடைத்து இத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது" என்று படத்தோடு கொடுங்கள். காலி மனையில் புதர் மண்டிக் குப்பை கொட்டிக் கிடந்தால் அதையும் இடம் குறிப்பிட்டுத் தனியாக எழுதுங்கள். புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

அம்பத்தூரில் இருப்பவர்கள் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். உங்களுக்கு 1913. ஆவடி 2019இலிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லியும் திருவேற்காடும் நகராட்சிகள். உங்கள் பகுதி அலுவலகத்தில் கொடுக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். தோட்டத்தில் பயிர் பாதிப்பு அதிகமாக இருந்தால் விவசாயிகளுக்கான கட்டணமில்லா எண் 1800 180 1551இல் ஆலோசனை கேட்கலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்குத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஒரு வீடு மட்டும் சந்தை அடைத்தால் நத்தை அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவே சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிகால் ஓரத்தையும் காலி மனை ஓரத்தையும் சுத்தம் செய்தால் கொசுவுக்கும் எலிக்கும் சேர்த்தே வேலை முடிந்துவிடும். எலி குறைந்தால் நான் சொன்ன அந்த நோய்க்கான வழியும் அடைபடும்.

முடிக்கிறேன். இன்றைக்கு இராத்திரி வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பார்த்ததை நாளைக்கு உங்கள் குழுவில் படத்தோடு போடுங்கள். அப்படி யாராவது போட்டால், "உங்க வீடு சுத்தமா இல்லையா" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். "எந்தப் பக்கமா வந்துச்சு?" என்று கேளுங்கள்.